எலெக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் படிக்கலாமா? ஒரு மாணவிக்குப் பதில்

கேள்வி: பள்ளிப் படிப்பை இந்த ஆண்டு முடித்திருக்கிறேன். இயற்பியலும் கணிதமும் பிடிக்கும். பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் எஞ்சினீயரிங் படிக்க இடம் கிடைக்கும் போலிருக்கிறது. மென்பொருள் துறையில் வேலை பார்க்கும் என் மாமா, "அது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். முழு எலெக்ட்ரானிக்ஸும் இல்லை, முழு கம்ப்யூட்டரும் இல்லை. பேசாமல் கம்ப்யூட்டர் சயன்ஸ் எடு" என்கிறார். நான் இதுவரை நிரல் எழுதியதில்லை. சாலிடரிங் அயர்னைத் தொட்டதும் இல்லை. இந்தப் படிப்பில் உண்மையில் என்ன சொல்லித் தருகிறார்கள்? கணிதம் எவ்வளவு கடினம்? என்ன வேலைகள் கிடைக்கும்? செயற்கை நுண்ணறிவு வந்த பிறகும் அந்த வேலைகள் இருக்குமா? சேர்ந்த பிறகு பிடிக்காமல் போனால் என்ன செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

சேருங்கள் என்பதே என் பதில். இயற்பியலும் கணிதமும் பிடிக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்தப் படிப்புக்கு வேண்டிய முதல் அதுதான். நிரல் எழுதத் தெரியாததும் சாலிடரிங் அயர்னைத் தொடாததும் குறையே அல்ல. இரண்டும் சில மாதங்களில் கைக்கு வந்துவிடும். ஆனால் மாமாவின் எச்சரிக்கையைத் தள்ளிவிட வேண்டாம். அதில் பாதி உண்மை இருக்கிறது. நான் இத்துறையில் வடிவமைப்புப் பொறியாளராக இருந்தவன். இப்போது புதிதாகப் பட்டம் பெற்று வருகிறவர்களை நேர்காணல் செய்கிறவன். இந்தப் படிப்பிலிருந்து வந்த மிகச் சிறந்த பொறியாளர்களை எனக்குத் தெரியும். பட்டம் வாங்கியும் எதிலும் ஊன்றாமல் வந்து நிற்கிறவர்களையும் தெரியும். இரு சாராருக்கும் மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. வேறு எதில் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதில் இவ்வளவு நீள்கிறது.

முதலில், என்ன படிப்பீர்கள் என்பது. பாடப் பட்டியலை இங்கே ஒப்பிப்பதில் பயனில்லை. ஒரே ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம்: விரல் நுனியில் மாட்டினால் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர். இதன் அடிப்படைக் கொள்கையை 1974இல் முன்வைத்தவர் டகுவோ அவோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளர். ஆக்சிஜனை ஏந்திய ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் அகச்சிவப்பு ஒளியைக் கூடுதலாகவும் உறிஞ்சுகிறது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினுக்கு இது நேர்மாறு. ஆகவே 660 நானோமீட்டர் அளவில் ஒளிரும் சிவப்பு எல்இடி ஒன்றையும் 940 நானோமீட்டர் அளவிலான அகச்சிவப்பு எல்இடி ஒன்றையும் மாறி மாறி ஒளிரச் செய்து, விரலின் மறுபக்கம் வந்து சேரும் ஒளியை ஒரு ஒளியுணர் டையோடால் அளந்தால், துடிப்புக்குத் துடிப்பு இரண்டும் மாறும் விகிதத்திலிருந்து ஆக்சிஜன் அளவைக் கணக்கிடலாம். கொள்கை இவ்வளவுதான், ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். அதை நம்பத்தக்க கருவியாக ஆக்குவதுதான் நீங்கள் படிக்கப்போகும் பாடம்.

டையோடில் உண்டாகும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது. அதிலும் பெரும்பகுதி தோலையும் எலும்பையும் தசையையும் கடந்து வந்த மாறாத ஒளியால் உண்டானது. இதயத் துடிப்போடு ஏறி இறங்கும் பகுதி நூற்றில் ஓரிரு பங்குதான். கை குளிர்ந்திருந்தால் அதுவும் இராது. அந்த ஓரிரு பங்கைச் சிதைக்காமல் பெருக்க வேண்டும். பெருக்கியே உண்டாக்கும் இரைச்சல் சிக்னலை மூழ்கடித்துவிடக் கூடாது. இதற்குத்தான் அனலாக் எலெக்ட்ரானிக்ஸ்: மின்னோட்டத்தை மின்னழுத்தமாக மாற்றும் பெருக்கிகள், பின்னூட்டம், இரைச்சல் கணக்கு. மாணவர்கள் பயப்படும் பாடம் இது. நல்ல ஆசிரியர் கிடைத்தால் வாழ்நாள் முழுவதும் விடாமல் பிடித்துக்கொள்ளும் பாடமும் இதுதான்.

அடுத்து அந்த மின்னழுத்தத்தை எண்களாக மாற்ற வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மின்வழங்கல் 50 ஹெர்ட்ஸாக உள்ள இடங்களில் பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை, டையோடுக்குத் தெரியும். உங்கள் கருவி ஒளியளவை வினாடிக்கு 33 முறை பதிவுசெய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 33ஐ மூன்றால் பெருக்கினால் 99. நூறில் மிச்சம் 1. அதனால் அந்த 100 ஹெர்ட்ஸ் மினுக்கம், பதிவான எண்களில் வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலையாக உருமாறி நிற்கும். வினாடிக்கு ஒன்று என்றால் நிமிடத்துக்கு 60. ஆரோக்கியமான ஒருவரின் நாடித்துடிப்பு அது. விரலே மாட்டாத கருவி உயிருள்ள ஒருவரின் நாடியைக் காட்டக்கூடும்! பிறகு எத்தனை திறமையாக நிரல் எழுதினாலும் பொய்த் துடிப்பையும் மெய்த் துடிப்பையும் அந்த எண்களிலிருந்து பிரிக்க முடியாது, ஏனென்றால் எண்களில் இரண்டும் ஒன்றே. எண்ணாக மாறும் முன்பே மின்சுற்றில் அதை வடிகட்டியிருக்க வேண்டும். அல்லது பதிவுசெய்யும் வேகத்தை யோசித்துத் தேர்ந்திருக்க வேண்டும். அல்லது எல்இடி இரண்டையும் அணைத்துவிட்டு அறை வெளிச்சத்தைத் தனியே அளந்து கழித்திருக்க வேண்டும். சிக்னலில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் மாதிரி எடுக்க வேண்டும் என்ற நைக்விஸ்ட், ஷானன் தேற்றத்தைத் தேர்வுக்காகப் படிக்கிறவர்கள் உண்டு. இந்தப் பொய் நாடியை ஒருமுறை நேரில் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை.

இதற்குப் பிறகு மைக்ரோகன்ட்ரோலர் வருகிறது, அதாவது கருவியை இயக்கும் சிறு கணினிச் சிப். எந்த எல்இடி எந்த மைக்ரோவினாடியில் ஒளிர வேண்டும், எப்போது அளவெடுக்க வேண்டும், எப்போது தூங்கிப் பேட்டரியைச் சேமிக்க வேண்டும் என்பதையெல்லாம் சி மொழியில் எழுதுவீர்கள். சாதாரணக் கணினி நிரலில் ஒரு விடை சரியாக இருந்தால் போதும். இங்கே சரியான விடை தாமதமாக வந்தால் அது தவறான விடை. பிறகு சர்க்யூட் போர்டு. ஒவ்வொரு சிப்பின் மின்வழங்கல் முனைக்கு அருகிலும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை ஏன் வைக்கிறோம், அதை இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் என்ன ஆகும், டையோடிலிருந்து வரும் மெல்லிய தடத்தை மின்வழங்கல் தடத்தின் பக்கத்தில் ஏன் ஓட்டக் கூடாது என்பவையெல்லாம் அங்கே விளங்கும்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் வேலை முடிந்துவிடாது. ஒளி விகிதத்தை ஆக்சிஜன் அளவாக மாற்றும் அட்டவணை, மனிதர்களின் ரத்தத்தை நேரடியாகப் பரிசோதித்துக் கண்ட அளவுகளோடு ஒப்பிட்டு உருவாக்கப்படுகிறது. யாருடைய விரல்களைக் கொண்டு அந்த அட்டவணை உருவானது? 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவு குறைந்திருந்தும் இக்கருவி அதைக் காட்டத் தவறியது கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று கண்டது. தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சுகிறது அல்லவா? பெருக்கியில் பிழை இல்லாமல், நிரலில் பிழை இல்லாமல், போர்டில் பிழை இல்லாமல் ஒரு கருவி ஒரு சாராரைக் கைவிட முடியும். அதற்கும் பொறுப்பேற்கிறவரே சிஸ்டம்ஸ் பொறியாளர். இந்தத் துறையை நான் மதிப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

முழுமையையும் பார்க்கத் தெரிந்தவர் ஏன் தேவை என்பதற்கு இன்னோர் உதாரணம் சொல்கிறேன். 1997 ஜூலை 4 அன்று மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணினி தானாகவே மீண்டும் மீண்டும் ரீசெட் ஆகத் தொடங்கியது. காரணம் இதுதான். வானிலைத் தகவல் சேகரிக்கும் முன்னுரிமை குறைந்த பணி ஒன்று, எல்லாப் பணிகளும் பகிர்ந்துகொள்ளும் தகவல் தடத்தின் பூட்டைச் சற்று நேரம் வைத்திருக்கும். அந்த நொடியில் நடுத்தர முன்னுரிமையுள்ள தகவல்தொடர்புப் பணி குறுக்கிட்டு ஓடத் தொடங்கினால், வானிலைப் பணி பூட்டைத் திறக்க முடியாமல் நிற்கும். அந்தப் பூட்டுக்காக, முன்னுரிமை மிக்க பணி ஒன்று காத்துக்கிடக்கும். அது குறித்த நேரத்தில் முடியாததைக் கண்ட கண்காணிப்பு அமைப்பு ஏதோ கோளாறு என்று முடிவுசெய்து கணினியை ரீசெட் செய்துவிடும். தனித்தனியே பார்த்தால் எந்தப் பணியிலும் தவறில்லை. சேர்ந்தபோது தவறு பிறந்தது. பூமியில் இருந்த மாதிரிக் கணினியில் அதே நிலையைத் திரும்ப உண்டாக்கிக் காரணத்தைக் கண்ட பொறியாளர்கள், செவ்வாயில் இருந்த மென்பொருளில் ஓர் அமைப்பை மாற்றும் கட்டளையை அனுப்பிச் சரிசெய்தார்கள். பூட்டை வைத்திருக்கும் பணியின் முன்னுரிமையை, அதற்காக முக்கியமான பணி காத்திருக்கும்வரை உயர்த்திவிடுவதுதான் தீர்வு. அது புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி ஆகியோர் 1990இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் முறையாக விளக்கப்பட்டதுதான். நிகழ்நேர இயங்குதளம் என்ற பாடத்தில் அதை நீங்களும் படிப்பீர்கள்.

கணிதத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எளிது என்று சொல்லமாட்டேன். கலப்பெண்கள், வகையீட்டுச் சமன்பாடுகள், அணிகள், நிகழ்தகவு, இவற்றின் மேல் ஃபூரியர், லாப்லாஸ் உருமாற்றங்கள். முதல் இரண்டு ஆண்டுகள் இவை இல்லாத வாரம் இராது. பள்ளிக் கணிதத்தை மனப்பாடமாகக் கடந்து வந்தவர்கள் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பாடத்தில்தான் முதன்முதலாகத் தடுக்கி விழுகிறார்கள். உங்களுக்கு உண்மையிலேயே கணிதம் பிடிக்குமானால் கலப்பெண்களை இப்போதே ஒருமுறை அமைதியாக உட்கார்ந்து படியுங்கள். ஓர் அலையின் அளவையும் கட்டத்தையும் (அலை எந்த நிலையில் தொடங்குகிறது என்பதையும்) ஒரே எண்ணில் அடக்குவதற்காகத்தான் அவை இங்கே பயன்படுகின்றன என்பது பிடிபட்டுவிட்டால் மாறுமின்னோட்டச் சுற்றுகள், வடிகட்டிகள், கட்டுப்பாட்டியல் எல்லாம் ஒரே பாடத்தின் வேறு வேறு அத்தியாயங்களாகத் தெரியும்.

இனி வேலைகள். அதிகம் பேர் போவது ஃபர்ம்வேர் பக்கம், அதாவது கருவிக்குள் ஓடும் மென்பொருள். கார், சலவை இயந்திரம், மின்சார மீட்டர், இன்சுலின் பம்ப், செயற்கைக்கோள் என்று மைக்ரோகன்ட்ரோலர் இல்லாத இடத்தைத் தேடத்தான் வேண்டும். ஒரு நவீன காரில் மட்டுமே பல பத்துக் கட்டுப்பாட்டுக் கணினிகள் இருக்கின்றன. அவை தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் என்ற முறையை 1986இல் பாஷ் நிறுவனம் வெளியிட்டது; இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. உங்கள் மாமா அஞ்சுவதற்கு மாறாக, கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவரும் நீங்களும் இந்த வேலைக்கு ஒன்றாக விண்ணப்பித்தால் பல சமயம் உங்களுக்கே சாதகம். சிப்பைப் பற்றித் தயாரிப்பாளர் தரும் தகவல் ஏட்டைப் படிக்கவும், மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அலையாகத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் சிக்னலைப் பார்க்கவும் தெரிந்தவர் நீங்கள். ஆனால் அவர் தரவுக் கட்டமைப்பையும் இயங்குதளத்தையும் உங்களைவிட ஆழமாகப் படித்திருப்பார். அந்த இடைவெளியை நீங்களே முயன்று நிரப்பிக்கொள்ள வேண்டும்.

சிப் வடிவமைப்பில் வெரிலாக் போன்ற மொழிகளில் சுற்றை விவரிப்பவர்கள் ஒரு பக்கம், அது சரியா என்று சோதிப்பவர்கள் மறுபக்கம். புதியவர்கள் வடிவமைப்பையே கனவு காண்கிறார்கள். பல குழுக்களில் சரிபார்ப்புக்குத்தான் ஆட்கள் அதிகம் தேவைப்படுகிறார்கள். காரணம் எளிது: தயாரித்து முடித்த சிப்பை மென்பொருளைப்போலத் திருத்தி அனுப்ப முடியாது. 1994இல் இன்டெலின் பென்டியம் சிப்பில், வகுத்தலுக்கு உதவும் ஓர் அட்டவணையில் சில மதிப்புகள் விடுபட்டிருந்தது தெரியவந்தது. மிக அரிதாக மட்டுமே தவறான விடை தரும் பிழை அது. ஆனாலும் சிப்புகளை மாற்றித்தரும் செலவுக்காக அந்நிறுவனம் 47.5 கோடி டாலரை ஒதுக்க நேர்ந்தது. பிறர் யோசிக்காத ஒரு சூழ்நிலையை யோசித்து, அதில் இது என்ன செய்யும் என்று கேட்கிற மனம் உங்களுக்கு இருந்தால் சரிபார்ப்பு வேலையை இரண்டாந்தரமாக நினைக்காதீர்கள்.

அதிகம் பேர் அறியாத, நான் மனதார சிபாரிசு செய்யும் பாதை ஒன்று இருக்கிறது: மின்காந்த இணக்கம். ஒரு கருவி தன் மின்காந்தக் கசிவால் பக்கத்துக் கருவியைக் குழப்பக் கூடாது. பக்கத்துக் கருவியால் தானும் குழம்பக் கூடாது. விற்பனைக்கு வரும் கருவிகள் இதற்கான சோதனையைத் தாண்டியாக வேண்டும். எத்தனையோ தயாரிப்புகள் கடைசிக் கட்டத்தில் இங்கேதான் சிக்கி நிற்கின்றன. மின்னோட்டம் எந்த வழியாகத் திரும்பிப் போகிறது என்பதைப் போர்டைப் பார்த்தே சொல்லக்கூடிய பொறியாளர்கள் அரிது. அப்படிப்பட்டவரின் அறைக்கு வெளியே மற்ற குழுக்கள் காத்திருக்கும். வயது ஏற ஏற மதிப்புக் கூடும் வேலை இது.

பாதுகாப்புப் பொறியியலும் வளர்ந்து வருகிறது. கார்களின் எலெக்ட்ரானிக்ஸ் பழுதடைந்தாலும் உயிருக்கு ஆபத்து நேராமல் வடிவமைப்பதற்கான ஐஎஸ்ஓ 26262 என்ற தரநிலை 2011இல் வந்தது. மருத்துவக் கருவிகளுக்கும் விமான மின்னணுவுக்கும் தனித்தனித் தரநிலைகள் உண்டு. ஆவணம் எழுதுவது அதிகம் என்று சிலர் விலகிப்போகிறார்கள். தெளிவாக எழுத வருகிற பொறியாளருக்கு அதுவே வாய்ப்பு. இவை தவிர மின்சார வாகனங்களும் சூரிய மின்சாரமும் இழுத்துக்கொண்டிருக்கும் பவர் எலெக்ட்ரானிக்ஸ், தொழிற்சாலைத் தானியக்கம், ரேடியோ அதிர்வெண் வடிவமைப்பு, உற்பத்திச் சோதனை, சிப் நிறுவனங்களின் சார்பில் வாடிக்கையாளரிடம் சென்று சிக்கல் தீர்க்கும் அப்ளிகேஷன் எஞ்சினீயர் வேலை என்று பட்டியல் நீளும். அனலாக் சிப், ரேடியோ, சிக்னல் ப்ராசஸிங் ஆகியவற்றுக்கு முதுநிலைப் பட்டம் பெரும்பாலும் உதவும். ஃபர்ம்வேருக்கும் போர்டு வடிவமைப்புக்கும் அது கட்டாயமில்லை. அங்கே செய்து காட்டியதற்குத்தான் மதிப்பு.

இப்போது உங்கள் மாமா சொன்னதில் உண்மையான பாதிக்கு வருகிறேன். இந்தப் படிப்பின் பலமே அதன் ஆபத்தும்கூட. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சொல்லித் தருகிறது. அந்தக் கொஞ்சத்தோடு நின்றுவிட்டால் ஃபர்ம்வேர் குழுவுக்கு நீங்கள் போதாது, சிப் குழுவுக்கும் போதாது. முதல் வேலை கிடைப்பது ஏதாவது ஒன்றில் இருக்கும் ஆழத்தால். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு உங்களை உயர்த்துவது மற்ற எல்லாவற்றிலும் இருக்கும் அகலம். ஆகவே முதல் இரண்டு ஆண்டுகள் எல்லாவற்றையும் ஆவலோடு படியுங்கள். மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது ஒன்றைத் தேர்ந்து அதில் இறங்குங்கள். விருப்பப் பாடம், விடுமுறைப் பயிற்சி, இறுதியாண்டு புராஜெக்ட் மூன்றும் அந்த ஒன்றின் பக்கமே சாயட்டும். எது என்பது இரண்டாம் நிலைக் கேள்விதான். எதில் இறங்கினாலும் இறங்கும் பழக்கம் வந்துவிடும். பின்னர் வேறொன்றுக்கு மாறுவது எளிது.

நேர்காணலில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று: "உங்கள் புராஜெக்டில் எது வேலை செய்யாமல் போனது? காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" எல்லாம் முதல் முறையே வேலை செய்தது என்று சொல்பவரிடம் அதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றும் இருப்பதில்லை. "மோட்டார் ஓடத் தொடங்கியதும் மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆனது, நிரலில்தான் தவறு என்று தேடிக்கொண்டிருந்தோம், பிறகு மின்வழங்கலை ஆசிலாஸ்கோப்பில் பார்த்தபோது மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தால் மின்னழுத்தம் சரிவது தெரிந்தது, இரண்டுக்கும் தனித்தனி வழங்கல் கொடுத்தோம்" என்று ஒருவர் சொன்னால், மதிப்பெண் சுமாராக இருந்தாலும் அவரை அடுத்த சுற்றுக்கு அனுப்புவேன். ஊகம், அளவீடு, ஊகத்தைத் திருத்துதல் என்ற மூன்றும் அந்தச் சிறிய பதிலில் இருக்கின்றன. நான் முதலில் குறிப்பிட்ட இரு சாராருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: ஒரு பழுதோடு தனியாக உட்கார்ந்து, காரணம் தெரியும் வரை எழுந்திருக்காமல் இருந்த அனுபவம்.

செயற்கை நுண்ணறிவு பற்றிய கவலை நியாயமானது. நானும் அதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். சென்சார் ஒன்றிலிருந்து தகவல் படிக்கும் நிரலை இன்று அத்தகைய கருவிகள் நொடியில் எழுதித் தருகின்றன. அந்த அளவு வேலையை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு நெருக்கடி வரும், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் எழுதித் தந்த நிரலில் ஒரு ரெஜிஸ்டரின் (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடத்தின்) முகவரி தவறாக இருப்பதைத் தகவல் ஏட்டோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கவும், நிரல் சரியாக இருந்தும் சிக்னல் வராததற்குச் சரியாகப் பற்றாத சாலிடர் காரணம் என்று கண்டுகொள்ளவும் ஓர் ஆள் மேசையருகே இருக்க வேண்டும். பொருளின் பக்கம் நிற்கிறவரின் இடம் அவ்வளவு சீக்கிரம் காலியாகாது. அதோடு அந்த நுண்ணறிவே ஓடுவது சிப்பில்தான். அதன் மின்தேவையைக் குறைப்பது, வெப்பத்தை வெளியேற்றுவது, கையடக்கக் கருவிக்குள் அதை அடக்குவது எல்லாம் உங்கள் துறையின் வேலைகள். அக்கருவிகளைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் முதல் இரண்டு ஆண்டுகள் பயிற்சிக் கணக்குகளையும் சிறு நிரல்களையும் நீங்களே எழுதுங்கள். சொந்தமாகத் தவறு செய்து திருத்தாத கைக்கு, பிறர் செய்த தவறு கண்ணில் படாது.

இடம் கிடைக்கும் பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சிலவற்றை விசாரியுங்கள். படிப்பின் பெயரை வைத்து முடிவுசெய்யாதீர்கள். ஒரே பெயரில் ஓரிடத்தில் தகவல்தொடர்பும் இன்னோரிடத்தில் எம்பெடட் (கருவிக்குள் பொதிந்த) கணினியும் பெரும்பகுதியாக இருக்கும். ஆகவே பாடத்திட்டத்தை வாங்கிப் படியுங்கள். வாரத்துக்கு எத்தனை மணிநேரம் ஆய்வகம்? ஆசிலாஸ்கோப் ஒன்றுக்கு எத்தனை மாணவர்கள்? வகுப்பு முடிந்த பிறகும் ஆய்வகம் திறந்திருக்குமா? மாணவர்கள் தாங்களே வடிவமைத்த போர்டைத் தயாரித்து வாங்கி, பாகங்களைப் பொருத்தி இயக்கிப் பார்க்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் மற்றவற்றில் சிறு குறைகள் இருந்தாலும் பரவாயில்லை. ஏற்கெனவே அங்கே படிக்கும் மாணவி ஒருவரிடம் கேட்டால் உண்மையான பதில் கிடைக்கும். பின்னால் வேறு நாட்டில் பொறியாளராகப் பணியாற்றும் எண்ணம் இருந்தால், பொறியியல் பட்டங்களைப் பல நாடுகள் பரஸ்பரம் ஏற்பதற்காக 1989இல் கையெழுத்தான வாஷிங்டன் ஒப்பந்தத்தின்கீழ் அந்தப் பட்டம் அங்கீகரிக்கப்பட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்புகள் தொடங்கும்வரை உள்ள நாட்களில் சி மொழியைப் பாயின்டர் வரைக்கும், பிட் அளவிலான கணக்குகள் வரைக்கும் படிக்கலாம். சாதாரண மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று, சாலிடர் செய்யாமலே பாகங்களைச் செருகிச் சுற்று அமைக்கும் ஒரு பிரெட்போர்டு, சில மின்தடைகள், எல்இடிகள், ஒரு மல்டிமீட்டர் இவை போதும். எல்இடியை மினுக்க வைப்பதோடு நிறுத்தாதீர்கள். அதன் வழியாக எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, பிறகு அளந்து பாருங்கள். கணக்கும் அளவும் ஒத்துவரவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். கீகேட் (KiCad), எல்டிஸ்பைஸ் (LTspice) என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. முன்னது போர்டு வடிவமைக்க, பின்னது சுற்று எப்படி இயங்கும் என்று கணினியிலேயே பார்க்க. செய்வதையெல்லாம் தேதியிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவாருங்கள். இறுதியாண்டில் அது உங்களுக்கு எவ்வளவு உதவும் என்பது அப்போது தெரியும்.

பிடிக்காமல் போனால்? முதலாண்டுப் பாடங்கள் பல பொறியியல் பிரிவுகளுக்குப் பெரும்பாலும் பொதுவானவை. முதலாண்டு முடிவில் பிரிவு மாற அனுமதி உண்டா, அதற்கான மதிப்பெண் வரம்பு என்ன என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு செமஸ்டர்கள் முடிந்ததும் உங்களை நீங்களே பாருங்கள். நிரல் எழுதிய நேரங்களில் மட்டும் உற்சாகம் இருந்து, வயரையும் மீட்டரையும் எடுத்தபோதெல்லாம் எப்போது முடியும் என்று தோன்றியிருந்தால், மாமா சொன்ன கம்ப்யூட்டர் சயன்ஸே உங்களுக்கு ஏற்றது. தயங்காமல் மாறுங்கள், அதில் தோல்வி ஒன்றுமில்லை. தேர்வில் மதிப்பெண் குறைந்தது மட்டுமே காரணம் என்றால் மாறாதீர்கள். முதலாண்டுச் சரிவு பலருக்கும் நேர்வது, மீண்டுவிடலாம். எழுதிய நிரல் ஒரு மோட்டாரைச் சுழற்றியபோது பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டத் தோன்றியிருந்தால், இரண்டாம் ஆண்டுப் பாடப்புத்தகங்களை வாங்கிவிடுங்கள்.